உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு படத்தின் இரண்டாம் பாகம் உங்களை ஏமாற்றியது உண்டா?

உண்டு. 2007 டிசம்பரில் வந்த 'விதியின் விளையாட்டு: தொடர்ச்சி' என்ற ரஷ்யப் படம்.

முதல் படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. எல்தார் ரியாசானவ் இயக்கிய 'விதியின் விளையாட்டு' 1976 ஜனவரி 1 அன்று சோவியத் தொலைக்காட்சியில் வந்தது. மூன்று மணி நேரப் படம். ரஷ்யாவில் புத்தாண்டு என்றால் இன்றைக்கும் பல வீடுகளில் இது ஓடும். மாஸ்கோ டாக்டர் ஷேன்யா, ஆண்டின் கடைசி நாளில் நண்பர்களோடு நீராவிக் குளியலுக்குப் போய் மூக்கு முட்டக் குடிக்கிறார். போதையில் இருந்த நண்பர்கள் ஆளை மாற்றி விமானம் ஏற்றிவிட, லெனின்கிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) போய் இறங்குகிறார். மாஸ்கோவில்தான் இருக்கிறோம் என்ற நினைப்பில் டாக்சிக்காரரிடம் தன் விலாசத்தைச் சொல்கிறார்: மூன்றாவது கட்டுமானத் தொழிலாளர் தெரு, 25ஆம் கட்டடம், 12ஆம் வீடு. அங்கேயும் அதே தெரு, அதே மாதிரிக் கட்டடம். சாவியும் பொருந்திவிடுகிறது! உள்ளே போய்த் தூங்கிவிடுகிறார். அது நாத்யா என்ற ஆசிரியையின் வீடு. அவளை மணக்க இருக்கும் இப்போலித்தும் கொஞ்ச நேரத்தில் வந்து நிற்கிறார்.

கேட்டால் நம்ப முடியாத கதைதான். ஆனால் நாடு முழுக்க ஒரே அச்சில் அடுக்குமாடிகள் எழும்பிய காலம் அது. படமே அதைக் கேலி செய்யும் கார்ட்டூனோடுதான் தொடங்கும். அதனால் அந்தச் சாவி பூட்டில் திரும்பும்போது நமக்கு உறுத்துவதில்லை.

திமூர் பெக்மாம்பெதவ் இயக்கிய தொடர்ச்சியில் இந்த அடிப்படையே இல்லை. ஷேன்யாவின் மகனும் நாத்யாவின் மகளும் அதே வீட்டில் சந்திக்கிறார்கள். ஆனால் இந்த முறை அது தற்செயலாக நடப்பதில்லை, வேண்டுமென்றே நடத்துகிறார்கள். விதி செய்த வேலையை ஆட்கள் செய்ய ஆரம்பித்ததும் கதைக்கு உயிர் போய்விட்டது.

எனக்கு நிஜமாகவே வலித்தது வேறு ஒன்று. முதல் படத்தின் கடைசியில் நாத்யா மாஸ்கோவுக்கே வந்துவிடுவாள். தன்னை விளையாட்டுத்தனமானவள் என்று நினைக்கிறீர்களா என்று ஷேன்யாவின் அம்மாவிடம் கேட்பாள். "போகப் போகப் பார்ப்போம்" என்பார் அந்த அம்மா. எவ்வளவு அழகான முடிவு! அவர்கள் சேர்ந்து வாழ்ந்திருப்பார்கள் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தொடர்ச்சியோ, அவர்கள் அப்போதே பிரிந்துவிட்டார்கள், நாத்யா இப்போலித்தைத்தான் கட்டிக்கொண்டாள் என்கிறது. இரண்டாம் தலைமுறைக் கதை ஒன்று வேண்டும் என்பதற்காக அந்த இரவையே வீணாக்கிவிட்டார்கள்.

அப்புறம், அதன் அவசரம். முதல் படத்தில் பாதிக்கு மேல் ஓர் அறைக்குள் இரண்டு பேர் பேசுவதுதான். நடுநடுவே கிதாரை எடுப்பார்கள். தரிவெர்தியெவ் இசையில், நாத்யாவுக்காக அல்லா புகச்சோவா குரல் கொடுத்த பாடல்கள் வரும். ஸ்வெதாயெவா, அஹ்மதூலினா போன்றவர்களின் கவிதைகள் அவை. குடித்துவிட்டு வரும் இப்போலித், ஓவர்கோட்டும் ரோமத் தொப்பியுமாக ஷவரின் கீழ் நின்று, வெந்நீர் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவார். முதுகைத் தேய்த்துவிடச் சொல்லிக் கேட்பார். சிரிப்பும் வரும், அந்த மனிதர்மேல் இரக்கமும் வரும். அவர் உடைந்து போவதைப் பொறுமையாகக் காட்டியதால்தான் அந்த இரக்கம் வருகிறது. புதிய படத்தில் அந்தப் பொறுமை இல்லை. போதாததற்கு ஒரு கைபேசி நிறுவனத்தின் விளம்பரம் வேறு கதைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

நடிகர்கள்மேல் குறை சொல்ல மாட்டேன். மகனாக வரும் ஹபென்ஸ்கியும் மகளாக வரும் போயர்ஸ்கயாவும் நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். முதல் படத்தில் ஷேன்யா, நாத்யா, இப்போலித்தாக நடித்த மியாக்கோவ், பிரில்ஸ்கா, யாகொவ்லெவ் மூவரும் திரும்ப வந்ததைப் பார்த்ததும் மனம் நெகிழ்ந்தது. வசூலிலும் படம் பெரிய வெற்றி. ஆனால் மறுபடி பார்க்கத் தோன்றவில்லை.

முதல் படம் மொஸ்ஃபில்ம் என்ற ரஷ்யப் பட நிறுவனத்தின் யூடியூப் சேனலில் சப்டைட்டிலோடு கிடைக்கும். அவசியம் பாருங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.