பிறக்காத பிள்ளைக்கும் கடனா?

கேள்வி: ‘பிறக்கிற பிள்ளை தலையிலும் கடன்’ என்கிறார் ஒரு கட்சிக்காரர். ‘கடன் வரம்புக்குள்தான் இருக்கிறது’ என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?
– வாசகர், தொண்டி

பதில்: இருவர் சொல்வதும் பாதிக் கணக்கு. 2021 ஆகஸ்டில் அன்றைய தமிழக நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்று முந்தைய அ.தி.மு.க. ஆட்சியைச் சாடியது. பிறகு அதே வகுத்தல் கணக்கை அ.தி.மு.க., தி.மு.க. மீது திருப்பியது. தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால், வாங்கிய பணம் எங்கே போனது என்பது தெரியவே தெரியாது.

தமிழக பட்ஜெட் உரையின் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். 2025-26 மதிப்பீட்டில் நிதிப் பற்றாக்குறை, அதாவது மொத்தச் செலவுக்குப் போதாமல் கடன் வாங்கும் தொகை, சுமார் 1,06,963 கோடி ரூபாய். மாநில உற்பத்தி மதிப்பில் 3 சதவீதம். ‘வரம்புக்குள்’ என்பது இதைத்தான். வருவாய்ப் பற்றாக்குறை, அதாவது அன்றாடச் செலவுக்கே வருவாய் போதாமல் விழும் துண்டு, சுமார் 41,635 கோடி. இது நிதிப் பற்றாக்குறையில் 39 சதவீதம். புதிதாக ஏறும் கடனில் 100 ரூபாய்க்கு 39 ரூபாய் சம்பளம், ஓய்வூதியம், மானியம், பழைய கடனுக்கு வட்டி என்று அந்த ஆண்டிலேயே கரைந்துவிடுகிறது. பிள்ளைகள் தலையில் ஏறும் சுமை என்றால் முதலில் இந்த 39 ரூபாய்தான். 2003-ல் வந்த நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் இந்த வருவாய்ப் பற்றாக்குறையை இல்லாமல் ஆக்கச் சொன்னது. 2013-14 முதல் இரண்டு கட்சி ஆட்சியிலும் வருவாய்ப் பற்றாக்குறை தொடர்கிறது.

நம் கரையிலேயே பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கான நிவாரணத்தை 8,000 ரூபாயாக உயர்த்தியதை 2023-ல் மண்டபம் மீனவர் மாநாட்டில்தான் அறிவித்தார்கள். நியாயமான செலவு, குறைக்கவே கூடாது. ஆனால் அதை அந்தந்த ஆண்டு வரிப்பணத்தில் கொடுக்க வேண்டும். மீன்பிடித் துறைமுகமோ, அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் போட்டுக் கட்டும் தூண்டில் வளைவோ கடன் வாங்கிக் கட்டலாம். நாளை கடலுக்குப் போகிறவனுக்கும் அது பயன்படும்.

கோளாறு அதற்குப் பிறகுதான். அரசின் கடன் பத்திரங்கள் பல 10 ஆண்டுக்கானவை, 30 ஆண்டுக்கானவையும் உண்டு. தூர்வாராத துறைமுக வாயில் அதற்குள் மணல்மேடாகிவிடும். கல் சரிந்த வளைவைத் தாண்டி அலை ஊருக்குள் வரும். தூர்வாருவது பராமரிப்புச் செலவு. பணம் முடையானால் முதலில் தள்ளிப்போவது அதுதான். இல்லாத வளைவுக்குப் பிள்ளைகள் வட்டி கட்டுவார்கள்.

கேள்வி: அப்படியானால் கடனே வாங்காமல் இருந்தால் என்ன?
– வாசகர், ஏர்வாடி

பதில்: கூடாது. துறைமுகமும் குடிநீர்த் திட்டமும் இல்லாத கரையைப் பிள்ளைகளுக்கு விடுவதும் சுமைதான். கவனிக்க வேண்டியது வட்டியை. 2025-26 மதிப்பீட்டில் வருவாயில் 100 ரூபாய்க்கு 21 ரூபாய் வட்டிக்கே போகிறது. இந்த எண் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறதா என்று பாருங்கள். கூடவே, மூலதனச் செலவுக்கு, அதாவது துறைமுகம் போல நிலைத்து நிற்பவற்றைக் கட்ட, முதலில் ஒதுக்கிய தொகையையும் அடுத்த பட்ஜெட்டில் வரும் திருத்த மதிப்பீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே வெட்டு விழுந்திருந்தால், எந்தத் திட்டம் நின்றது என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள்.