காதலைச் சொல்லும் சிற்பங்களில் உங்களை அதிக நேரம் நிற்க வைத்தது எது?

ருமேனியாவில் தர்கு ஜியூ என்றொரு ஊர். அங்கே பூங்காவில் நிற்கும் 'முத்தத்தின் வாசல்'தான் என் பதில். கான்ஸ்டன்டின் பிரான்குஷ் செய்தது, 1938ல் திறந்தார்கள்.

தூரத்திலிருந்து பார்த்தபோது ஏமாற்றமாக இருந்தது. தடித்த இரண்டு தூண்கள், மேலே கனமான ஓர் உத்தரம், அவ்வளவுதான். உயரம் ஐந்து மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். இதில் முத்தம் எங்கே?

கிட்டப் போனேன். தூணின் நான்கு பக்கத்திலும் பெரிய வட்டம் ஒன்று. நட்டநடுவே மேலிருந்து கீழாக ஓடும் கோடு அதை இரண்டாகப் பிரிக்கிறது. அது கண். முகத்தோடு முகம் ஒட்டி நிற்கும் இருவரின் கண்கள் சேர்ந்து ஒரே வட்டமாகிவிட்டன. இடது பாதி அவனா, அவளா? எவ்வளவு நேரம் பார்த்தாலும் சொல்ல முடியாது. இரண்டும் அச்சு அசலாக ஒரே அளவு.

இங்கு வந்து சேர அவருக்கு முப்பது வருடம் ஆகியிருக்கிறது. 1907-08ல் ஒரே கல்லில் அவர் செதுக்கிய 'முத்தம்' சிற்பத்தில் பெண்ணுக்கு நீண்ட கூந்தலும் மார்பில் லேசான வளைவும் உண்டு. வாசலில் அந்த அடையாளமும் போய்விட்டது. ஒருவர் அணைக்க இன்னொருவர் அணைப்பில் இருப்பது என்ற பேச்சே இல்லை. காதலில் சமம் என்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் பார்த்ததில்லை.

இன்னொன்று. இது ஒரு போர் நினைவுச்சின்னம். முதல் உலகப் போரில், 1916ல், அந்த ஊரைக் காத்து இறந்தவர்களுக்காக கோர்ஜ் மாவட்டப் பெண்கள் சங்கம் கேட்டு வாங்கியது. பிரான்குஷ் அதற்குக் கூலி வாங்கவில்லை. வாசலில் துப்பாக்கி இல்லை, குதிரைமேல் தளபதி இல்லை. பிள்ளையையும் கணவனையும் இழந்த ஊருக்கு அவர் முத்தத்தைக் கொடுத்தார். அதை நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

2024ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்திருக்கிறது. போவதென்றால் சாயங்காலம் போங்கள். உத்தரம் முழுக்க முத்தமிடும் ஜோடிகளை வரிசையாக, மெல்லிய கோடுகளாகக் கீறியிருக்கிறார். உச்சி வெயிலில் அவை கல்லோடு கல்லாக மறைந்துவிடும். வெயில் சாய்ந்ததும் ஒவ்வொரு கோட்டிலும் நிழல் விழும், அப்புறம் எல்லோரும் தெரிவார்கள்.