அடியில் காங்ஷி முத்திரை இருந்தால் தட்டு 300 வருடப் பழசா?

உங்கள் தட்டில் இளஞ்சிவப்புப் பூக்கள், நடு வட்டத்தைச் சுற்றிக் கட்டம் கட்டமாகப் பெண்களும் பறவைகளும், அடியில் காங்ஷி பேரரசர் பெயரோடு ஆறு சீன எழுத்துகள். அது அவர் காலத்துத் தட்டுதானா என்று கேட்கிறீர்கள். இருக்க வாய்ப்பில்லை. அந்தப் பூவே சொல்லிவிடுகிறது.

காங்ஷி ஆட்சி 1722இல் முடிந்தது. இந்த இளஞ்சிவப்பு, தங்கத்தைக் கரைத்துச் செய்யும் வண்ணம். சீனப் பீங்கானில் அது தலைகாட்டியதே அவருடைய கடைசி ஆண்டுகளில்தான். நீங்கள் சொல்லும் கட்ட வேலைப்பாட்டுக்கு ரோஸ் மெடாலியன் என்று பெயர்; 19ஆம் நூற்றாண்டு நடுவில் பரவியது. சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்தெஜென்னில் சுட்ட வெள்ளைத் தட்டுகளைத் துறைமுக நகரமான கான்டனின் பட்டறைகளுக்குக் கொண்டுவந்து, வண்ணம் தீட்டி, குறைந்த சூட்டில் மறுபடி சுட்டுக் கப்பலேற்றினார்கள்.

அப்படியானால் முத்திரை போலியா? அப்படியும் சொல்லிவிட முடியாது. முன்னோர் வேலையை மதித்துப் பழைய பேரரசர் பெயரை எழுதுவது அங்கே நெடுநாள் வழக்கம். ஏமாற்ற எழுதியவர்களும் உண்டு. உண்மையான 18ஆம் நூற்றாண்டு ஏற்றுமதித் தட்டுகளில் பெரும்பாலும் முத்திரையே இருக்காது.

நான் சேகரிக்கத் தொடங்கிய புதிதில், சிவப்புச் சதுர முத்திரையில் 18ஆம் நூற்றாண்டுப் பேரரசர் சியென்லுங்கின் பெயரைப் பார்த்ததுமே ஒரு கிண்ணத்தை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால், எல்லா இதழ்களின் ஓரக்கோடும் ஒரே தடிமன். தூரிகை அழுந்திய இடம், எழும்பிய இடம் என்று எதுவுமே இல்லை. அச்சு வேலை. மனம் உடைந்துபோனது. அன்றிலிருந்து முத்திரையைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன்.

ஆங்கிலத்தில் 'சைனா' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்தது. 'மேட் இன் சைனா' என்றிருந்தால் பெரும்பாலும் அதற்கும் பிந்தையது. எதுவும் இல்லாததாலேயே 1891க்கு முந்தையது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அமெரிக்கா போகாத சரக்குக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

அப்புறம், தட்டைச் சாய்த்துப் பிடித்துப் பெண்களின் கூந்தலைப் பாருங்கள். பழைய ரோஸ் மெடாலியனில் கறுப்புக்கு மேல் பொடிப்பொடியாகத் தங்கம் வைத்திருப்பார்கள். தேய்ந்திருந்தாலும் வெளிச்சத்தில் ஓரிரு புள்ளிகள் மின்னும். தெரிந்தால் அந்த இடத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.