வாசகர் கேள்வி-பதில்: இத்தாலிக் கூடைப்பந்தின் கணக்குத் தாள்

கேள்வி: மிலானில் படிக்கும் என் பேரன், அங்கே தான் பார்க்கிற கூடைப்பந்து ஆட்டங்களின் புள்ளிவிவரத் தாளைப் படமெடுத்து அனுப்புகிறான். பெயரும் புள்ளியும் புரிகின்றன. மற்றக் கட்டங்களில் எல்லாம் இத்தாலியச் சுருக்கெழுத்து. எப்படிப் படிப்பது?
— ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: அந்தத் தாளுக்கு இத்தாலியில் ‘தபெல்லினோ’ என்று பெயர். கட்டங்களின் வரிசை தாளுக்குத் தாள் சற்று மாறும். சுருக்கங்கள் பெரும்பாலும் இவைதான். ‘எஃப்.எஃப்.’ என்பது அந்த ஆட்டக்காரர் செய்த ஃபவுல், ‘எஃப்.எஸ்.’ அவர்மீது எதிரணி செய்த ஃபவுல். ஐந்தாவது ஃபவுலோடு ஆள் வெளியேற வேண்டும் என்பதால், ‘எஃப்.எஃப்.’ கட்டத்தில் 4 இருந்தால் கடைசி நிமிடங்களில் அவர் தயங்கித் தயங்கித் தடுத்திருப்பார். ‘டி2’ இரண்டு புள்ளி எறிதல், ‘டி3’ 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிவது, ‘டி.எல்.’ ஃப்ரீ த்ரோ, அதாவது ஃபவுலுக்காக யாரும் தடுக்காமல் எறியக் கிடைக்கும் ஒரு புள்ளி எறிதல். 3/10 என்றிருந்தால் பத்து எறிந்து மூன்று விழுந்தது. கூடையில் விழாமல் திரும்பிய பந்தைப் பிடிப்பது ரீபவுண்ட். ‘ஆர்.ஓ.’ எதிரணிக் கூடையடியில் பிடித்த ரீபவுண்ட், ‘ஆர்.டி.’ சொந்தக் கூடையடியில் பிடித்தது. ‘எஸ்.டி.’ எதிரணி எறிந்த பந்தை இவர் தடுத்த பிளாக், ‘எஸ்.எஸ்.’ இவர் எறிந்து தடுபட்டது. ‘ஏ.எஸ்.’ அசிஸ்ட், அதாவது இன்னொருவர் கூடையில் போட இவர் கொடுத்த பந்து.

பலரும் இடறுவது ‘பி.பி.’, ‘பி.ஆர்.’ இரண்டில். ‘பாலே பெர்சே’ என்றால் பறிகொடுத்த பந்து, ‘பாலே ரெக்கூபெராத்தே’ என்றால் பறித்த பந்து. ஒன்று பற்று, ஒன்று வரவு. மாற்றிப் படித்தால் ஆளே தலைகீழாகத் தெரிவார். புள்ளிக் கட்டத்துக்கு முன் பி.பி. கட்டத்தைப் பாருங்கள். தப்பிய எறிதலிலாவது ரீபவுண்ட் எடுக்க வாய்ப்புண்டு. பறிகொடுத்த பந்தில் அதுவும் கிடையாது.

கேள்வி: 22 புள்ளி எடுத்தவருக்கு ‘வால்’ கட்டத்தில் 11, 9 புள்ளி எடுத்தவருக்கு 22 வருமா? அச்சுப் பிழையா?
— ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: பிழையில்லை, தாராளமாக வரும். ‘வலுத்தாட்சியோனே’, அதாவது மதிப்பீடு, பேரேடு போலவே வரவிலிருந்து பற்றைக் கழிப்பது. புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், பறித்த பந்து, செய்த பிளாக், வாங்கிய ஃபவுல் ஆகியவை வரவு. தப்பிய எறிதல், தப்பிய ஃப்ரீ த்ரோ, பறிகொடுத்த பந்து, தடுபட்ட எறிதல், செய்த ஃபவுல் ஆகியவை பற்று.

கணக்குக்காக இருவரை வைத்துக்கொள்வோம். முதல்வர் டி2-இல் 5/9, டி3-இல் 3/10, டி.எல். 3/4, ஆக 22 புள்ளி. ரீபவுண்ட் 3, அசிஸ்ட் 2, பறித்தது 1, வாங்கிய ஃபவுல் 3. வரவு 31. தப்பிய எறிதல் 11, ஃப்ரீ த்ரோ 1, பறிகொடுத்தது 4, தடுபட்டது 1, ஃபவுல் 3. பற்று 20. மிச்சம் 11. அடுத்தவர் 4/5, 0/0, 1/2 எறிந்து 9 புள்ளி. ரீபவுண்ட் 9, அசிஸ்ட் 3, பறித்தது 2, பிளாக் 1, வாங்கிய ஃபவுல் 3 சேர்த்து வரவு 27. தப்பியவை 2, பறிகொடுத்தது 1, ஃபவுல் 2, பற்று 5. மிச்சம் 22.

ஆனால் இந்த எண்ணை அப்படியே நம்புவதும் தப்பு. மூன்று புள்ளி எறிதலில் நாலுக்கு ஒன்று விழுந்தால் வரவு 3, பற்று 3; மதிப்பீடு குறையவே குறையாது. அணிக்கோ எறிதலுக்கு முக்கால் புள்ளிதான் மிஞ்சும். அப்படி எறிந்துகொண்டே இருந்தால் அணி தோற்கும். இரண்டு புள்ளியில் மூன்றுக்கு ஒன்று விழுந்தாலும் இதே கதை. இதைச் சரிக்கட்ட, புள்ளியை எறிதல் எண்ணிக்கையோடும் 0.44 மடங்கு ஃப்ரீ த்ரோவோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் முதல்வருக்கு 19 எறிதலும் 1.76-உம் சேர்ந்து 20.76. அதை இரட்டித்தால் 41.52. 22-ஐ அதால் வகுத்தால் அவருடைய எறிதல் திறன் 53 சதவீதம். எதிரணியின் முக்கிய ஆளை நாற்பது நிமிடமும் கட்டிப்போட்ட தடுப்பாளருக்கு எந்தக் கட்டமும் இல்லை என்பதையும் மறக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் பள்ளிப் போட்டிகளுக்கு இதேபோல் தாள் எழுத ஆசை. போன முறை ரீபவுண்ட் கணக்கு ஒத்துவரவேயில்லை. எங்கே தவறுகிறது?
— ஓர் உடற்கல்வி ஆசிரியர், காரைக்குடி

பதில்: ஒருவரே பார்த்து எழுதினால் ஒத்துவராது. மூன்று பேர் வேண்டும். ஒருவர் களத்தைவிட்டுக் கண்ணெடுக்காமல் ‘சிவப்பு ஏழு, மூன்று, தப்பு; வெள்ளை நாலு, ரீபவுண்ட்’ என்று சொல்ல, அடுத்தவர் தாளை மட்டும் பார்த்துக் குறிக்க, மூன்றாமவர் கடிகாரத்தோடு மாற்று ஆட்டக்காரர் நேரத்தை எழுத வேண்டும்.

ரீபவுண்ட் தவறுவதற்குக் காரணங்கள் சில உண்டு. இரண்டு ஃப்ரீ த்ரோவில் முதலாவது தப்பினால் ரீபவுண்ட் கிடையாது. கடைசி தப்பினால்தான் உண்டு. பிளாக் ஆன பந்தும் தப்பிய எறிதல்தான், அதையும் யாரோ ஒருவர் எடுத்தாக வேண்டும். கோட்டுக்கு வெளியே போனால் ஆளுக்கு எழுதாமல் அணிக்கு எழுதுங்கள். எறியும்போது ஃபவுல் ஆகிப் பந்து விழாவிட்டால் அது எறிதலாகவே எண்ணப்படாது, விழுந்தால் எண்ணப்படும்.

ஒவ்வொரு குவார்ட்டர் முடிவிலும் ஐந்தொகை போடுங்கள். ஆட்டம் முடியும்வரை தள்ளிப்போட்டால் பிழை எந்த இடத்தில் என்று தேடவே முடியாது. ஓர் அணியின் பிளாக்கும் மற்றதன் தடுபட்ட எறிதலும் சமமாக வேண்டும். ஓர் அணி பறித்த பந்து, எதிரணி பறிகொடுத்ததைவிட மிகக் கூடாது. 10 நிமிட குவார்ட்டரில் அணியின் ஆள்-நிமிடம் 50, முழு ஆட்டத்துக்கு 200, ஐந்து நிமிடக் கூடுதல் நேரம் ஒன்றுக்கு 25 கூட. ஒவ்வோர் ஆளும் களத்தில் இருந்தபோது அணி எடுத்த புள்ளியிலிருந்து கொடுத்த புள்ளியைக் கழித்து, ஆள்வாரியாகக் கூட்டல்-கழித்தல் எழுதினால், அணியின் கூட்டுத்தொகை வெற்றி வித்தியாசத்தின் ஐந்து மடங்கு: 8 புள்ளியில் ஜெயித்தால் 40. இது ஒத்துவரவில்லையென்றால் மாற்று ஆட்டக்காரர் நேரத்தில்தான் பிழை.

கேள்வி: அமெரிக்க என்.பி.ஏ.வில் 110 புள்ளி சாதாரணம், இத்தாலியில் 80 தானே?
— ஒரு கல்லூரி மாணவர், பள்ளத்தூர்

பதில்: அங்கே 48 நிமிடம், இத்தாலியில் 40. நேரத்தை விட்டுவிட்டு, பந்து அணியின் கைக்கு வந்த வாய்ப்பை எண்ணுங்கள். எறிதலிலிருந்து ‘ஆர்.ஓ.’வைக் கழித்து, பறிகொடுத்ததையும் 0.44 மடங்கு ஃப்ரீ த்ரோவையும் கூட்டினால் அணிக்கு வந்த வாய்ப்பு கிடைக்கும். 62 எறிதல், 11 ஆர்.ஓ., 13 பறிகொடுத்தது, 20 ஃப்ரீ த்ரோ என்றால் 72.8. அதில் 80 புள்ளி எடுத்தால் நூறு வாய்ப்புக்கு ஏறக்குறைய 110.