ஒன்பதாயிரம் கோடி இருந்தால் பந்தய அணி வாங்கலாமா?

கேள்வி: நான் பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன், வயது 47. பீன்யாவில் கூட்டாளியுடன் நடத்திவந்த லேத் பட்டறையில் என் பங்கை அவருக்கே விற்றுவிட்டேன். வரி போக 2 கோடியே 40 லட்சம் ரூபாய் வங்கியில் இருக்கிறது. இப்போது ஓசூரில் மாதம் 1.5 லட்சம் சம்பளத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டுக் கடன் பாக்கி 38 லட்சம், வட்டி 8.5%, மாதத் தவணை 46,000. மகள் முதலாம் ஆண்டு பி.யூ.சி. (பதினொன்றாம் வகுப்பு) படிக்கிறாள், 12 வயது மகனுக்குக் கார்ட்டிங்கில், அதாவது சிறு பந்தய வண்டி ஓட்டுவதில், மிகுந்த ஆர்வம். நானும் ஆண்டுக்கு இருமுறை இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் என் காரை ஓட்டிப் பார்ப்பதுண்டு. ஞாயிறு இரவு ஃபார்முலா ஒன் பந்தயம் முடிந்ததும், ஒரு பில்லியன் டாலர் கிடைத்தால் எப்படிச் செலவழிப்போம் என்று நண்பர்கள் நால்வர் பேசிக்கொண்டிருப்போம். நான் ஒரு நோட்டில் பட்டியலே எழுதி வைத்திருக்கிறேன்: ஒரு ஃபார்முலா ஒன் அணி, கோலார் பக்கம் ஒரு பந்தயத் தடம், ஒரு பழைய ஃபெராரி, 24 பந்தயங்களுக்கும் நண்பர்களோடு பயணம், ஏழைப் பிள்ளைகளுக்குக் கார்ட்டிங் பள்ளி, கடைசியாக, இருங்காட்டுக்கோட்டையில் வெயிலில் கொடி காட்டும் மார்ஷல்களுக்கு நிழற்குடை. என் மனைவி அதைப் படித்துவிட்டு, "இல்லாத பணத்துக்கு இவ்வளவு கணக்கு எழுதிய நீங்கள், இருக்கும் பணத்துக்கு ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை?" என்று கேட்டார். இரண்டுக்கும் சேர்த்து நீங்களே சொல்லுங்கள்.

பதில்: உங்கள் மனைவியின் கேள்வி நியாயமானது, ஆனாலும் அந்த நோட்டிலிருந்தே தொடங்க விரும்புகிறேன். தன்னிடம் இல்லாத பணத்தை ஒருவர் எப்படிச் செலவழிக்க நினைக்கிறார் என்பதில் அவருடைய உண்மையான ஆசை தெரிந்துவிடும் என்பதும், அது தெரியாமல் போடும் நிதித் திட்டம் ஆறு மாதம்கூட நிலைக்காது என்பதும் என் அனுபவம். கணக்கு எளிதாக இருப்பதற்காக ஒரு டாலரை 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பில்லியன் டாலர் என்பது 9,000 கோடி ரூபாய்.

முதலில் அணி. 2025 நவம்பரில் மெர்சிடிஸ் அணியின் தலைவர் டோட்டோ வோல்ஃப் தம் பங்கில் ஒரு சிறு பகுதியை விற்றபோது, அணி முழுவதற்கும் 600 கோடி டாலர் மதிப்பிடப்பட்டதாகச் செய்தி வந்தது. அந்தக் கணக்கில் உங்கள் 9,000 கோடி அதில் ஆறில் ஒரு பங்கைத்தான் வாங்கும். சிறிய அணி ஒன்று விலைக்கு வந்தாலும், வாங்கும் விலையைவிட ஆண்டுதோறும் நடத்தும் செலவைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அணிகள் ஓர் ஆண்டில் செலவிடக்கூடிய தொகைக்கு 2026 முதல் 21.5 கோடி டாலர் என்ற உச்சவரம்பு இருக்கிறது. நம் கணக்கில் 1,935 கோடி ரூபாய். ஓட்டுநர்களின் சம்பளமும் விளம்பரச் செலவும் அந்த வரம்பில் சேரா. பரிசுத் தொகையும் விளம்பரதாரர் பணமும் ஒரு பகுதியை ஈடுகட்டும் என்பது உண்மைதான். ஆனால் அவை குறைந்த ஆண்டில் மீதியை உரிமையாளர்தான் தம் கையிலிருந்து போட வேண்டும்.

இதற்கு நம் ஊர் சம்பந்தப்பட்ட உதாரணமே இருக்கிறது. 2007 இல் விஜய் மல்லையாவும் நெதர்லாந்தின் மிக்கீல் மோலும் சேர்ந்து ஸ்பைக்கர் அணியை 8.8 கோடி யூரோவுக்கு வாங்கினார்கள். மறு ஆண்டு அது ஃபோர்ஸ் இந்தியா என்ற பெயரில் களமிறங்கியது. 2009 இல் பெல்ஜியத்தில் அதன் ஓட்டுநர் ஃபிசிகெல்லா முதல் வரிசையின் முதல் இடத்திலிருந்து புறப்பட்டு இரண்டாவதாக வந்த நாளை உங்களைப் போலவே நானும் மறக்கவில்லை. 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பெரிய பட்ஜெட் அணிகளுக்கு அடுத்தபடியாக நான்காம் இடம் பிடித்த அணி அது. அப்படிப்பட்ட அணி 2018 ஜூலையில், பருவம் பாதி நடந்துகொண்டிருக்கும்போதே, நீதிமன்றம் நியமித்த நிர்வாகிகளின் பொறுப்புக்குப் போய், அடுத்த மாதமே கனடாவின் தொழிலதிபர் லாரன்ஸ் ஸ்ட்ரோல் தலைமையிலான குழுவின் கைக்கு மாறியது. தடத்தில் அது தோற்கவில்லை. அன்றாடம் நடத்துவதற்கான பணம் தீர்ந்துவிட்டது. எனவே அணி வேண்டாம் என்பதே என் முடிவு. விளையாட்டின் வருமானத்தில் பங்கு வேண்டுமென்றால், ஃபார்முலா ஒன்னை நடத்தும் லிபர்டி மீடியாவின் பங்குகளும் ஃபெராரியின் பங்குகளும் அமெரிக்கச் சந்தையில் விற்கின்றன. ஓர் இந்தியர் நிதியாண்டுக்கு 2.5 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அதில் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி 20% வரியை முன்னதாகப் பிடித்துக்கொள்ளும், அதை நீங்கள் வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம்.

அடுத்தது தடம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் நம் நாட்டு ரசிகர்கள் பெரும்பாலோருடைய கனவு இதுதான். கிரேட்டர் நொய்டாவில் 5.125 கிலோமீட்டர் நீளமுள்ள புத் சர்வதேசத் தடத்தைக் கட்டினார்கள். 2011, 2012, 2013 என மூன்று ஆண்டுகள் ஃபார்முலா ஒன் அங்கே ஓடியது. மூன்றையும் செபாஸ்டியன் வெட்டலே வென்றார். பிறகு அது வரவில்லை. மாநில அரசு அதை விளையாட்டு என்று ஏற்காமல் கேளிக்கை என்று வரி கேட்டது; மத்திய அரசின் வருமான வரி வழக்கு 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வரை போய், அந்தத் தடம் பந்தய நிறுவனத்துக்கு இந்தியாவில் நிலையான தொழிலகம்தான், ஆகவே இங்கே வரி கட்ட வேண்டும் என்று முடிந்தது. 2023 இல் மோட்டோ ஜிபி என்ற மோட்டார் சைக்கிள் பந்தயம் ஒருமுறை வந்து போனது. உலகத் தரத்தில் கட்டிய ஒரு தடத்தின் பத்தாண்டுச் சரித்திரம் இது.

இதற்கு எதிர்ப்பக்கம் இருங்காட்டுக்கோட்டையைப் பாருங்கள். சோழவரத்து விமான ஓடுபாதையில் வைக்கோல் கட்டுகளை அடுக்கிப் பந்தயம் நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், தனக்கென ஒரு தடத்தை ஸ்ரீபெரும்புதூர் அருகே அமைத்தது; 1990 முதல் அது இயங்குகிறது. கோவை செட்டிப்பாளையத்தில், 1995 இல் விமான விபத்தில் மறைந்த பந்தய வீரர் கரிவரதனின் பெயரில் 2003 இல் திறக்கப்பட்ட தடம் இரண்டு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். நாராயண் கார்த்திகேயன், கருண் சந்தோக் என்று இந்தியா ஃபார்முலா ஒன்னுக்கு அனுப்பிய இருவரும் தமிழ்நாட்டுக்காரர்கள். அதற்கு இங்கே தொடர்ந்து பந்தயம் நடந்துகொண்டிருந்ததே காரணம் என்பது என் கருத்து. எனவே கோலாரில் புதிதாக நிலம் வாங்குவதைவிட, இருக்கும் தடங்களில் ஆண்டுக்கு இன்னும் நான்கு வார இறுதிகள் பந்தயம் நடக்கப் பணம் கொடுப்பதையே நான் உங்களுக்குச் சொல்வேன்.

ஃபெராரி விஷயத்தில் சுருக்கமாகவே சொல்கிறேன். மொத்தமே 36 கார்கள் செய்யப்பட்ட 250 ஜிடிஓ வகையில் ஒன்று 2023 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் 5.17 கோடி டாலருக்குப் போனது. விலை ஏறும் பொருள்தான், ஆனால் அது நின்றிருக்கும் காலம் முழுவதும் காப்பகம், காப்பீடு, பராமரிப்பு என்று உங்களிடமிருந்து வாங்கிக்கொண்டே இருக்கும். அதைவிட 2022 இல் நடந்த இன்னொரு விற்பனை என்னை ஈர்த்தது. மெர்சிடிஸ் நிறுவனம் தன் அருங்காட்சியகத்திலிருந்த 1955 ஆம் ஆண்டு 300 எஸ்எல்ஆர் கூப்பே ஒன்றை 13.5 கோடி யூரோவுக்கு விற்று, அந்தத் தொகையை இளைஞர்களின் கல்விக்கும் ஆராய்ச்சிக்குமான நிதியாக வைத்தது. ஒரு கார் ஓர் அறக்கட்டளையின் மூலதனமாகிவிட்டது.

9,000 கோடிக்கு நானும் அதையே சொல்வேன். முழுத் தொகையையும் ஓர் அறக்கட்டளையின் மூலதனமாக வைத்து, பங்கும் கடன் பத்திரமும் கலந்து முதலீடு செய்து, ஆண்டுக்கு 3% மட்டும் எடுங்கள். விளைச்சல் அதைவிட அதிகம் வந்தாலும் மிச்சத்தை மூலதனத்திலேயே விட்டுவிட வேண்டும். விலைவாசி ஏறும்போது அடுத்த ஆண்டின் 3% தானாகப் பெரிதாக வேண்டுமல்லவா? ஆண்டுக்கு 270 கோடி வரும். ஒரு பிள்ளையின் கார்ட்டிங்குக்கு ஆண்டுக்கு 15 லட்சம் என்று தாராளமாக வைத்தாலும் 100 பிள்ளைகளுக்கு 15 கோடிதான். அவர்களில் இரண்டு பேர் மேலே போனால் செலவு வேறு அளவுக்குப் போகும். ஃபார்முலா ஒன்னுக்கு அடுத்த கீழ்ப்படியான ஃபார்முலா டூவில் ஒரு பருவ இருக்கைக்கு இருபது லட்சம் யூரோவுக்கு மேல் ஆகும் என்பது அத்துறையில் எல்லோரும் சொல்லும் கணக்கு. நம் பெங்களூருப் பையன் குஷ் மைனி 2025 இல் மொனாக்கோவில் ஃபார்முலா டூவின் ஸ்பிரிண்ட் என்ற குறும்பந்தயத்தை வென்றான் என்றால், அந்த இருக்கையில் உட்கார்வதற்கு முன்பே அவன் குடும்பமும் ஆதரவாளர்களும் எத்தனை ஆண்டு பணம் கட்டியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நண்பர்களோடு 24 பந்தயங்களுக்கும் போகும் செலவு இந்த 270 கோடியில் கண்ணுக்கே தெரியாது, ஆனால் அது அறக்கட்டளையின் காசாக இல்லாமல் உங்கள் சொந்தக் காசாக இருக்கட்டும்.

இனி உங்கள் கையில் இருக்கும் 2 கோடியே 40 லட்சத்துக்கு வருகிறேன். இதற்கும் அதே விதிதான்: ஆசைக்கு விளைச்சலை எடுக்கலாம், மூலதனத்தைத் தொடக்கூடாது.

வீட்டுக் கடன் 38 லட்சத்தை முழுவதுமாக அடைத்துவிடுங்கள். இதே தவணையில் கட்டினால் இன்னும் ஏறத்தாழ பத்தரை ஆண்டுகளும், வட்டியாக மட்டும் சுமார் 19 லட்சமும் போகும். வரிக்குப் பிறகு 8.5% தருவேன் என்று உறுதி சொல்லும் முதலீடு எதுவும் எனக்குத் தெரியாது. 12 லட்சத்தை அவசரத் தேவைக்கு வங்கி வைப்பாக வையுங்கள். மகளுக்கு இரண்டு ஆண்டுகளில் கல்லூரிச் செலவு தொடங்கிவிடும் என்பதால், அதற்கான 40 லட்சம் பங்குச் சந்தைப் பக்கம் போகவே கூடாது; வைப்புகளிலும் குறுகிய காலக் கடன் ஃபண்டுகளிலும் இருக்கட்டும். மீதி ஒன்றரைக் கோடியில் ஒரு கோடி உங்கள் ஓய்வுக்காலத்துக்கு. பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் குறியீட்டு ஃபண்டுகளில் ஒன்றரை ஆண்டில் பிரித்துப் பிரித்துப் போடுங்கள், கடன் அடைத்ததால் மிச்சமாகும் 46,000 ரூபாயையும் மாதாமாதம் அங்கேயே செலுத்துங்கள்.

கடைசி 50 லட்சம்தான் பந்தயக் கணக்கு. இதில் 3% என்றால் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம். இது உங்கள் மகனை வாடகைக் கார்ட்டில் ஒழுங்காகப் பயிற்சிக்கு அனுப்பவும், விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பி இருங்காட்டுக்கோட்டை போய்விட்டுத் திரும்பும் வழியில் ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டு வரவும், சில ஆண்டுகள் சேர்த்து வைத்தால் சிங்கப்பூரின் இரவுப் பந்தயத்துக்கு ஒருமுறை போகவும் போதும். சொந்தக் கார்ட் வாங்காதீர்கள். ஓராண்டுப் பயிற்சிக்குப் பிறகு, அதே வயதுப் பிள்ளைகளின் சுற்று நேரத்தோடு அவனுடைய நேரத்தை ஒரு தாளில் எழுதி வைத்து, பயிற்சியாளரும் சரி என்று சொன்னால், தேசியப் போட்டியில் ஒரு பருவத்துக்கு மட்டும் ஓர் அணியின் வண்டியை வாடகைக்கு எடுங்கள். மூலதனத்தைத் தொடாத விதிக்கு ஒரே விலக்காக, அந்த ஒரு பருவத்துக்கு 50 லட்சத்திலிருந்தே எடுக்க நேரலாம். எவ்வளவு வரை என்று நீங்களும் மனைவியும் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். மகளின் 40 லட்சத்துக்கோ ஓய்வுக்கால ஒரு கோடிக்கோ மகனின் வேகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கை நீளக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஒருவர், உங்களைப் போலவே தம் சொந்தக் காரைத் தடத்தில் ஓட்டிப் பார்க்கப் போய், திருப்பத்தில் டயர்ச் சுவரில் மோதிவிட்டார். அவருக்குக் காயமில்லை, வண்டிக்கு 6 லட்சத்து 40 ஆயிரம் செலவு. காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டது. அவர் என் மேசையில் வைத்த பாலிசித் தாளில், ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் இது செல்லாது என்ற வரியை யாரோ பால்பாயிண்ட் பேனாவால் இரண்டுமுறை அடிக்கோடிட்டிருந்தார்கள். உங்கள் கார் பாலிசியிலும் அந்த வரி இருக்கும், எடுத்துப் பாருங்கள். மருத்துவக் காப்பீட்டில், ஆபத்தான விளையாட்டுகளில் தொழில்முறையாகப் பங்கேற்று ஏற்படும் காயங்களுக்கு விலக்கு உண்டு. மோட்டார் பந்தயம் அங்கே பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருக்கும். உரிமம் எடுத்துப் போட்டியிடும் ஒரு சிறுவன் அந்த 'தொழில்முறை' என்ற சொல்லுக்குள் வருவானா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். உங்கள் ஆயுள் காப்பீட்டிலும் தடத்தில் ஓட்டும் பழக்கத்தை அறிவித்துவிடுங்கள். பிரீமியம் கொஞ்சம் ஏறினாலும் பரவாயில்லை. 2023 ஆகஸ்டில் நம் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் சைக்கிள் பந்தய விபத்தில் உயிரிழந்தான். மகன் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பு நீங்களும் மனைவியும் சேர்ந்து அமர்ந்து அதைப் பற்றிப் பேச வேண்டும்.

உங்கள் பட்டியலின் கடைசி வரி பாக்கியிருக்கிறது. மார்ஷல்கள் காலை முதல் மாலை வரை அந்தத் திருப்பங்களில் நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன். ஒருவர் மஞ்சள் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தடத்திலிருந்து கண்ணை எடுக்காமலே இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார். அந்த நிழற்குடைகளுக்கு 9,000 கோடி தேவையில்லை. முதல் ஆண்டின் ஒன்றரை லட்சத்தில் முப்பதாயிரத்தை இதற்கு ஒதுக்கி, அடுத்த பந்தய வார இறுதிக்கு முன்பே, எந்தத் திருப்பங்களில் குடை நட்டால் ஓட்டுநர்களின் பார்வையை மறைக்காது என்று கிளப்புக்கு எழுதிக் கேளுங்கள்.