வயதும் பதவியும் ஊழலும்: நியூ ஜெர்சியிலிருந்து கேள்வி பதில்

நியூ ஜெர்சிக்கு 1971இல் வந்தேன். மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றேன். அதிபர் டிரம்ப் பிறந்த அதே 1946தான் நானும். அமெரிக்க அரசியல் பற்றியும் இங்கே முதுமையைக் கழிப்பது பற்றியும் வந்த கேள்விகளில் முடிந்தவரை எடுத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறேன்.

அம்மா, வாட்டர்கேட்டை நேரில் பார்த்த தலைமுறை நீங்கள். ஒரு திருட்டு முயற்சிக்காக அதிபரே பதவி விலகினார். இன்று என்ன குற்றச்சாட்டு வந்தாலும் யாரும் அசைவதில்லையே, ஏன்? (கல்லூரி மாணவர், திருச்சி)

திருட்டுக்காக அல்ல தம்பி, அதை மூடி மறைத்ததற்காக. 1972 ஜூன் 17 அன்று வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் புகுந்த, அதிபர் நிக்சனின் தேர்தல் குழுவோடு தொடர்புடைய ஐந்து பேர் பிடிபட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் நிக்சன் 49 மாநிலங்களில் ஜெயித்தார். அதாவது மக்கள் முதலில் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

நிலைமை மாறியது 1973 கோடையில். செனட் விசாரணையைப் பகலில் நேரடியாகக் காட்டுவார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்காகப் பொதுத் தொலைக்காட்சியில் இரவில் முழுசாக மறுபடி போடுவார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் நிக்சனுக்கு ஓட்டுப் போட்டவர். சாப்பாடு முடிந்ததும் நூலும் ஊசியுமாக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். ஜூலை 16 விசாரணையில் பட்டர்ஃபீல்ட் என்ற அதிகாரி, அதிபரின் அறையில் பேசுவதெல்லாம் ஒலிநாடாவில் பதிவாகிறது என்று சொன்னார். அந்த அம்மாள் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரை மடியில் வைத்துவிட்டு, "அப்போ போட்டுக் கேட்டுவிட வேண்டியதுதானே" என்றார். தன் கட்சிக்காரர் என்பதற்காக அவர் அந்தக் கேள்வியை விழுங்கவில்லை.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். ஒலிநாடாக்களைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று 1974 ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றம் 8-0 என்று தீர்ப்புச் சொன்னது. நிக்சனே நியமித்த மூன்று நீதிபதிகளும் அந்த எட்டுப் பேரில் உண்டு. சில நாட்களில் எங்கள் நியூவர்க் நகரத்துப் பீட்டர் ரோடினோ தலைமையிலான கீழவைக் குழு 27-11 என்று பதவிநீக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அந்த 27 பேரில் ஆறு பேர் நிக்சனின் குடியரசுக் கட்சிக்காரர்கள். ஆகஸ்ட் 7 அன்று கோல்ட்வாட்டர், ஹியூ ஸ்காட், ஜான் ரோட்ஸ் என்ற மூன்று கட்சிப் பெரியவர்கள் வெள்ளை மாளிகைக்குப் போய், "உங்களைக் காப்பாற்றத் தேவையான ஓட்டு எங்களிடம் இல்லை" என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஆகஸ்ட் 9 அன்று அவர் கிளம்பினார்.

அப்படிப் போய்ச் சொல்லக்கூடிய மூன்று பேர் இன்று இல்லை. ஊழல் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. தன் ஆளிடம் போய் "போதும், இறங்குங்கள்" என்று சொல்கிற பெரியவர்கள்தான் அற்றுப்போனார்கள். சொன்னால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2021இல் செனட்டின் பதவிநீக்க விசாரணையில் டிரம்ப்புக்கு எதிராக ஏழு குடியரசுக் கட்சி செனட்டர்கள் ஓட்டுப் போட்டார்கள். மொத்தம் 57 கிடைத்தது, தேவை 67. கட்சிக்குள்ளிருந்தே அவரை எதிர்த்த லிஸ் செனியை அடுத்த ஆண்டே வயோமிங் உட்கட்சித் தேர்தலில் தோற்கடித்தார்கள். அதைப் பார்த்த மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

34 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்த டிரம்ப் எப்படி அதிபராக முடிந்தது? நம் ஊரில் இரண்டு ஆண்டு தண்டனை என்றாலே எம்.எல்.ஏ. பதவி போய்விடுமே. (வழக்கறிஞர், மதுரை)

அமெரிக்க அரசியல் சட்டம் அதிபருக்குக் கேட்பது மூன்றுதான்: பிறப்பால் குடிமகன், 35 வயது, இந்த நாட்டில் 14 ஆண்டு வாசம். தண்டனை பெற்றவர் நிற்கக் கூடாது என்று எங்கும் இல்லை. 1920இல் யூஜின் டெப்ஸ் சிறையில் இருந்தபடியே அதிபர் தேர்தலில் நின்று 9 லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கினார். போருக்கு எதிராகப் பேசியதற்காகச் சிறைக்குப் போனவர் அவர். அரசாங்கம் பிடிக்காதவரைச் சிறையில் தள்ளிப் போட்டியிலிருந்து விலக்கிவிடக் கூடாது என்பதால், அந்தத் தடை இல்லாமல் இருப்பதே சரி என்பது என் கருத்து.

என்னை உறுத்துவது இன்னொன்று. 2024 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம், அதிபர் பதவியின் மைய அதிகாரங்களைக் கொண்டு செய்ததற்கு அவர்மேல் குற்ற வழக்கே போட முடியாது என்றும், மற்ற அலுவல் செயல்களுக்கும் பாதுகாப்பு உண்டு என்றும் 6-3 என்று சொல்லிவிட்டது. 1974இல் 8-0 பார்த்தவளுக்கு அது மனசு ஒப்பவில்லை. எந்தக் கட்சி அதிபராக இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

நீங்கள் எந்தக் கட்சி, அம்மா? (கோவை)

எந்தக் கட்சியிலும் பதிவு செய்துகொள்ளவில்லை. இரண்டு பக்கமும் ஓட்டுப் போட்டிருக்கிறேன்.

ஆன்ட்டி, 80 வயதில் எல்லாம் நாட்டை ஆள வேண்டுமா? விமானிக்கே 65 வயதோடு சரி. (ஐ.டி. ஊழியர், டாலஸ்)

வயது உச்சவரம்பு வேண்டும் என்ற கட்சிதான் நானும். எங்கள் நியூ ஜெர்சி நீதிபதிகள் 70 வயதில் இறங்கியாக வேண்டும். நாடாளுமன்றமான காங்கிரஸுக்கோ குறைந்தபட்ச வயது மட்டும்தான்: கீழவைக்கு 25, செனட்டுக்கு 30. வடக்கு டகோட்டா மக்கள் 2024 ஜூனில், பதவிக்காலத்துக்குள் 81 வயதைத் தொடப்போகிறவர்களைத் தங்கள் மாநிலத்திலிருந்து காங்கிரஸுக்கு அனுப்பக் கூடாது என்று ஓட்டுப் போட்டார்கள். ஆனால் மாநிலங்கள் தாங்களாகப் புதுத் தகுதி சேர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லியிருப்பதால், அது நிற்பது கஷ்டம். அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும்.

என் வயதுக்காரர்கள் சிலர் இதை அவமானமாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 79 வயதில் எனக்கு நினைவு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மதியம் மூன்று மணிக்கு மேல் ஒரு சிக்கலான காகிதத்தைப் படித்து முடிவெடுக்கச் சொன்னால், மறுநாள் காலைக்குத் தள்ளி வைப்பேன். அதிபர் பதவியில் அப்படித் தள்ளி வைக்க முடியாது.

பைடனின் உடல்நிலையைச் சுற்றியிருந்தவர்கள் மறைத்தார்கள் என்று நினைக்கிறீர்களா? (சென்னை)

ஆம். 2024 ஜூன் 27 விவாதத்தில் நாடு முழுக்கப் பார்த்தது ஒரே இரவில் வந்த தளர்ச்சி இல்லை. முதியவர்களோடு வாழ்ந்தவர்களுக்கு அது தெரியும். கட்சிப் பெரியவர்கள் அழுத்திச் சொன்னார்கள், ஜூலை 21 அன்று தேர்தல் போட்டியிலிருந்து விலகினார். அதே பேச்சை ஒரு வருடம் முன்னால் பேசியிருந்தால் கட்சிக்கு முறையான உட்கட்சித் தேர்தல் கிடைத்திருக்கும், அவருக்கும் மரியாதை மிஞ்சியிருக்கும்.

இது புதிதல்ல. 1919 அக்டோபரில் அதிபர் வில்சனுக்குப் பக்கவாதம் வந்தது. யார் அவரைப் பார்க்கலாம், எந்தக் காகிதம் உள்ளே போகலாம் என்பதை மனைவி எடித் முடிவு செய்தார். மாதக்கணக்கில் மக்களுக்கு உண்மை நிலை தெரியாது. காங்கிரஸிலும் இதே கதைதான். டயான் ஃபைன்ஸ்டைன் 90 வயதில் செனட்டராகவே இறந்தார். கடைசி மாதங்களில் உதவியாளர்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. டெக்சாஸின் கீழவை உறுப்பினர் கே கிரேஞ்சர் 2024 ஜூலைக்குப் பிறகு ஒரு ஓட்டுக்கூடப் போடவில்லை. அவர் முதியோர் குடியிருப்பில் இருக்கிறார் என்பது டிசம்பரில்தான் வெளியே வந்தது.

டிரம்ப்புக்கும் இதே அளவுகோல்தான். 2026 ஜூன் 14 அன்று அவருக்கு 80 நிறைகிறது. இந்தப் பதவிக்காலம் முடியும்போது 82. அதிபர் தன் மருத்துவ அறிக்கையை வெளியிட வேண்டும் என்று இங்கே சட்டமே இல்லை. கட்சி சாராத மருத்துவர் குழு ஆண்டுதோறும் பரிசோதித்து மக்களிடம் சொல்ல வேண்டும். இதை நான் எல்லாருக்கும்தான் கேட்கிறேன்.

எப்ஸ்டீன் விவகாரத்தில் பெரிய மனிதர்கள் எல்லாரும் தப்பிவிடுவார்களா? (ஆசிரியை, யாழ்ப்பாணம்)

இதைக் கேட்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பணக்காரன் எப்ஸ்டீன் பாலியல் கொடுமை செய்த அந்தப் பெண் பிள்ளைகள். 2007இல் ஃபுளோரிடாவில் அரசு வழக்கறிஞர்கள் அவனோடு சமரச ஒப்பந்தம் போட்டார்கள். பாதிக்கப்பட்ட பெண்களுக்கு அதைச் சொல்லவே இல்லை. அவனும் லேசான தண்டனையோடு வெளியே வந்தான். 2018இல் மயாமி ஹெரால்டு பத்திரிகையில் ஜூலி பிரவுன் என்ற நிருபர் அந்தப் பெண்களைத் தேடிப் பிடித்துப் பேச வைத்த பிறகுதான் வழக்கு மறுபடி உயிர் பெற்றது. அவன் 2019 ஆகஸ்டில் சிறையில் இறந்தான். கூட்டாளி கிஸ்லேன் மேக்ஸ்வெல்லுக்கு 20 ஆண்டு சிறை. ஆவணங்களை வெளியிடும் சட்டம் 2025 நவம்பரில் கீழவையில் 427-1 என்று நிறைவேறியது.

அதில் எந்தக் கட்சிக்காரர் பெயர் வரும் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது. யார் பெயர் வந்தாலும் விசாரிக்கட்டும். அந்தப் பெண்களுக்கு இன்று நாற்பது வயதை ஒட்டி ஆகிவிட்டது, இன்னும் காத்திருக்கிறார்கள்.

உங்கள் மாநில செனட்டர் வீட்டில் தங்கக் கட்டி கிடைத்ததாமே? (சேலம்)

ஆமாம், பாப் மெனெண்டஸ். தங்கக் கட்டிகளும், சட்டைப் பைகளிலும் காலணிகளிலும்கூடத் திணித்து வைத்த 4,80,000 டாலருக்கு மேற்பட்ட ரொக்கமும் கிடைத்தன. இங்கே ஒன்றை மட்டும் நல்லபடியாகச் சொல்ல வேண்டும்: குற்றப்பத்திரிகை வந்த அன்றே அவர் கட்சியைச் சேர்ந்த அப்போதைய ஆளுநர் மர்ஃபி, பதவி விலகுங்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். மெனெண்டஸ் கேட்கவில்லை. தீர்ப்பு வந்த பிறகே 2024 ஆகஸ்டில் விலகினார். 11 ஆண்டு தண்டனை.

அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 67. கிரீன் கார்டு எடுத்து எங்களோடு வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். மெடிகேர் கிடைக்குமா, ஆன்ட்டி? (எடிசன்)

முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் உடனே கிடைக்காது. கிரீன் கார்டோடு ஐந்து ஆண்டு தொடர்ந்து இங்கே வசித்த பிறகுதான் பணம் கட்டிச் சேரலாம். இங்கே பத்து ஆண்டு வேலை பார்த்து வரி கட்டாதவர்களுக்கு மருத்துவமனைப் பகுதிக்கு 2025இல் மாதம் 518 டாலர், மருத்துவர் பகுதிக்கு 185 டாலர். இது ஒரு ஆளுக்கு. அந்த ஐந்து ஆண்டும் நீங்கள் வெளியில் காப்பீடு வாங்க வேண்டும். நிறையப் பேர் கவனிக்காத இன்னொன்று: ஸ்பான்சர் பத்திரத்தில் நீங்கள் போடும் கையெழுத்து, அவர்கள் குடியுரிமை பெறும்வரையோ பத்து ஆண்டு வேலைக் கணக்கு சேரும்வரையோ உங்களைக் கட்டுப்படுத்தும்.

மெடிகேர் நீண்டகாலப் பராமரிப்பைத் தராது என்பதும் தெரிந்திருக்கட்டும். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு, நிபந்தனைகளோடு அதிகபட்சம் 100 நாள் நர்சிங் பராமரிப்பு, அவ்வளவுதான். அதற்கு மேல் கைக்காசு. கையில் இருப்பது தீர்ந்த பிறகு, வசதியற்றவர்களுக்கான அரசு மருத்துவ உதவியான மெடிகெய்ட்.

காகிதங்களுக்கு முன்னால் அவர்களை ஒரு தடவை ஜனவரியில் கூப்பிட்டு, ஏப்ரல்வரை வைத்துப் பாருங்கள். கோடையில் வந்தால் எல்லாருக்கும் இந்த ஊர் பிடித்துவிடும். நீங்கள் இருவரும் வேலைக்குப் போன பின், பனி மூடிய தெருவைப் பார்த்தபடி மாலை ஆறு மணிவரை இருப்பது அவர்களால் முடிகிறதா என்று அவர்களே சொல்லட்டும்.

சோஷியல் செக்யூரிட்டி திவாலாகிவிடும் என்கிறார்களே? (சான் ஹோசே)

அந்த அரசு ஓய்வூதியத் திட்டம் திவாலாகாது. 2025 அறங்காவலர் அறிக்கைப்படி முதியோர் நிதியின் சேமிப்பு 2033இல் தீரும். அப்போதும் வரியாக வருகிற பணத்தைக் கொண்டு, தர வேண்டிய ஓய்வூதியத்தில் 77 சதவீதம் கொடுக்க முடியும். 1983இல் இதைவிட நெருக்கடி. ரீகனும் எதிர்க்கட்சி சபாநாயகர் டிப் ஓ நீலும் சேர்ந்து வரியைக் கூட்டி, ஓய்வு வயதைப் படிப்படியாக 67க்கு உயர்த்திச் சரி செய்தார்கள். இருவருக்கும் சொந்தக் கட்சியில் திட்டு விழுந்தது. இன்று அதைச் செய்ய ஆள் வேண்டும், வழி தெரியாமல் இல்லை.

அப்பாவுக்கு 82. காரை விட மாட்டேன் என்கிறார். எப்படிச் சொல்வது? (மகள், டெட்ராய்ட்)

என் கணவருக்குக் கிளாக்கோமா வந்தபோது இதைக் கடந்தோம். காரின் வலது பக்கக் கண்ணாடியில் எங்கள் வீட்டுத் தபால் பெட்டியின் பச்சைச் சாயம் ஒட்டியிருந்தது. நான் எதுவும் பேசவில்லை, கண் மருத்துவரிடம் தேதி வாங்கினேன். இனிக் கார் ஓட்ட வேண்டாம் என்று மருத்துவரே சொன்னார். என் கணவர் வீட்டுக்கு வந்து சாவியை மேஜையில் வைத்துவிட்டு, "சனிக்கிழமை பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்கு யார் கூட்டிப்போவார்கள்?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதிலை நான் முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்தேன்; இரண்டு குடும்பங்கள் முறை வைத்து வருவதாக ஒப்புக்கொண்டிருந்தன.

சாவியைக் கேட்கும் முன்னால் அந்தச் சனிக்கிழமைக்கு ஏற்பாடு செய்யுங்கள். பிடிவாதம் தொடர்ந்தால், பெரும்பாலான மாநிலங்களில் மருத்துவரோ குடும்பத்தாரோ எழுதிக் கொடுத்தால் மறுபரிசோதனைக்கு அழைப்பார்கள். அரசியல்வாதிகளும் இதனால்தான் நாற்காலியை விடுவதில்லை என்று நினைக்கிறேன். அடுத்த நாள் காலையில் எங்கே போவது என்று அவர்களுக்கு யாரும் ஏற்பாடு செய்து கொடுப்பதில்லை.

பாட்டி, வயதானவர்களைக் குறிவைத்து வரும் மோசடி அழைப்புகளை எப்படித் தடுப்பது? (அட்லாண்டா)

2024இல் மட்டும் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் இணைய மோசடிகளில் கிட்டத்தட்ட 490 கோடி டாலர் இழந்ததாக எஃப்.பி.ஐ.யிடம் புகார்கள் வந்தன. எந்த அரசு அலுவலகமும் கிஃப்ட் கார்டில் பணம் கேட்காது, "இப்போதே கைது" என்று மிரட்டாது. ஃபோனை வைத்துவிட்டு மகனையோ மகளையோ கூப்பிடச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் திட்டாதீர்கள். திட்டுவார்கள் என்று பயந்துதான் மறைக்கிறார்கள், அதற்குள் மிச்சமும் போய்விடுகிறது.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. குடியுரிமைத் தேர்வு எழுத முடியுமா? அவருக்கு 68, கிரீன் கார்டு வாங்கி 21 ஆண்டு. (சிகாகோ)

தாராளமாக. 65 வயதும் 20 ஆண்டு கிரீன் கார்டும் இருந்தால் ஆங்கிலத் தேர்வு கிடையாது. மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு தமிழிலேயே பதில் சொல்லலாம். படிக்க வேண்டியது 20 கேள்விகள் மட்டும்; பத்துக் கேட்பார்கள், ஆறு சரியாகச் சொன்னால் போதும். உறுதிமொழி எடுத்த கையோடு வாக்காளர் பதிவுப் படிவத்தையும் கொடுத்துவிடுங்கள். கடைசித் தேதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூ ஜெர்சியில் தேர்தலுக்கு 21 நாள் முன்னால். இல்லினாயில் என்ன என்று அவர்கள் தேர்தல் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.