இரண்டு வருடமாக ஜெபம் வறண்டு கிடக்கிறது. கொடைக்கானலில் மூன்று நாள் தனித்திருந்தால் பழைய அனல் திரும்புமா?

திரும்பும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. எந்த இடத்தில் அறுந்தது என்று கண்டுபிடிக்க மூன்று நாள் போதும். கேட்ட விதத்தைப் பார்த்தால் நீங்கள் பாடகர் குழுவிலோ ஓய்வுநாள் பள்ளியிலோ பொறுப்பில் இருப்பவர் போலத் தெரிகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு வறட்சி வந்தால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. வாய் பழக்கத்தில் ஜெபித்துக்கொண்டே இருக்கும்.

ஏப்ரல், மே வேண்டாம். ஜனவரி, பிப்ரவரியில் வாரநாளாகப் பாருங்கள். குளிர் கடிக்கும், ஆனால் ஊர் அடங்கியிருக்கும். 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. கிளம்பும் முன் அப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் சாப்பிட்டுத் தூங்குங்கள், அவ்வளவுதான். சோம்பேறித்தனம் என்பவர்கள் 1 இராஜாக்கள் 19-ஐ எடுத்துப் படிக்கட்டும். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தூதன் பிரசங்கம் வைக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். தூங்கவிட்டு மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். கடவுளின் மெல்லிய சத்தம் ஓரேப் மலையில், நாற்பது நாள் நடைக்குப் பிறகுதான். வந்து இறங்கியதுமே உபவாசம் தொடங்குகிறவர்களுக்கு இரண்டாம் நாள் தலைவலிதான் மிஞ்சும். சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர் மருத்துவரைக் கேட்காமல் உபவாசத்தில் இறங்கவே கூடாது.

இரண்டாம் நாள் சங்கீதம் 51. எல்லாரும் நேராக 12-ஆம் வசனத்துக்கு, இரட்சணியத்தின் சந்தோஷத்தைத் திரும்பத் தாரும் என்பதற்கு ஓடுவார்கள். தாவீது அங்கே வருமுன் 3, 4-ஆம் வசனங்களில் தன் பாவத்தை ஒத்துக்கொண்டுவிட்டான். ஒரு நோட்டில் பெயரும் தொகையும் எழுதுங்கள்: யாரிடம் பேசாமல் இருக்கிறீர்கள், யாருக்குப் பணம் தர வேண்டும், எந்தப் பொய் இன்னும் ஓடுகிறது. அநியாயமாய் எடுத்ததைத் திருப்பும்போது லேவியராகமம் 6:5 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. பத்தாயிரம் என்றால் பன்னிரண்டாயிரம். அது பழைய ஏற்பாடு என்று தட்டிக்கழிப்பவர்களுக்கு லூக்கா 19:8-இல் வரி வசூலித்த சகேயு இருக்கிறான், அவன் நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்றான். நோட்டில் எழுதியதற்குத் தேதி போடாமல் மலை இறங்கினால் வந்தது வீண். கத்தோலிக்கர் என்றால் பாவசங்கீர்த்தனம். மற்றவர் யாக்கோபு 5:16-இன்படி, வாயை மூடத் தெரிந்த ஒரே ஒருவரிடம்.

மூன்றாம் நாள் யோவான் 21. பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தபோது (யோவான் 18) குளிர்காய்ந்ததும் கரிநெருப்பு, இயேசு காலை உணவு வைத்திருந்ததும் கரிநெருப்பு. மூன்று மறுதலிப்புக்கு மூன்று முறை 'என்னை நேசிக்கிறாயா' என்ற கேள்வி. கலாத்தியர் 6:1-இல் 'சீர்பொருந்தப்பண்ணுங்கள்' என்று வருவதும் மாற்கு 1:19-இல் வலையைப் 'பழுதுபார்த்து' என்று வருவதும் கிரேக்கத்தில் ஒரே வினைச்சொல். கிழிந்த வலையை ஒவ்வொரு கண்ணாகத்தான் பின்ன முடியும். அதனால் வீட்டுக்குப் போனதும் இரண்டு மணி நேர ஜெபம் என்று பொருத்தனை செய்யாதீர்கள். தினம் இருபது நிமிடம், அதே நேரம், அதே நாற்காலி.

சேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் விதிகளில் இரண்டு உங்களுக்கு அவசியம். வறட்சியில் இருக்கும்போது, முன்பு தெளிவாக எடுத்த முடிவை மாற்றாதீர்கள். ஜெபத்தைச் சீக்கிரம் முடிக்கத் தோன்றினால், குறித்த நேரத்துக்கு மேல் கொஞ்சம் கூடுதலாக உட்காருங்கள். கத்தோலிக்க முறையை நமக்கு ஏன் சொல்கிறாய் என்று சண்டைக்கு வருபவர்கள் வரட்டும். அந்த மலையில் செண்பகனூரில் 1895-லேயே சேசு சபையார் இல்லம் தொடங்கிவிட்டார்கள். இது நேற்று வந்த சரக்கு இல்லை.

ஒரு ஆதங்கம். தியான இல்லத்தில் வாடகை குறைவு என்று 'ரிட்ரீட்' பெயரில் குடும்பத்தோடு அறை பிடித்து, பகலெல்லாம் தூண் பாறை, படகுச் சவாரி, ராத்திரி பதினொரு மணிக்கு வராந்தாவில் பார்பிக்யூ. பக்கத்து அறையில் ஒருவர் அழுதுகொண்டிருப்பார். சீசனில் வேண்டாம் என்றதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

வாரக்கணக்காகத் தூக்கம் இல்லை, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்றால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள், தனியாக மலைக்கும் போகாதீர்கள். மனநல மருத்துவரை முதலில் பாருங்கள். சங்கீதம் 51 அதுவரை காத்திருக்கும்.